வாழ்த்து அட்டையில் இல்லாத சாமி



மார்கழி கடைசியில் வீட்டை ஒழுங்கு செய்தபோது பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் இறங்கியது. உள்ளே இருநூறுக்கு மேல் வாழ்த்து அட்டைகள். பொங்கல், தீபாவளி, புத்தாண்டு என்று எனக்கும் வீட்டுக்காரிக்கும் முப்பது வருடங்களாக வந்தவை. "பழைய பேப்பர்காரரிடம் போட்டால் ரெண்டு ரூபாய்கூடத் தேறாது, எதற்கு இடத்தை அடைக்கிறது?" என்றார் அவர். நியாயம்தான். ஆனாலும் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கூடத்தில் பரப்பினேன். அன்று மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் ஆயிற்று.

நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். மார்கழி பிறந்ததும் பேப்பர் கடைகளில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பெரும்பாலும் சிவகாசி அச்சு. கரும்பும் பொங்கல் பானையும், சினிமா நட்சத்திரங்கள், சிரிக்கும் குழந்தை, ரோஜாப்பூ. உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால்தலைச் செலவு குறையும். யாருக்கு அனுப்பினோம், யாரிடமிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கும் வழக்கமும் பல வீடுகளில் இருந்தது. ஒருவரிடமிருந்து அட்டை வரவில்லை என்றால் அது மனத்தாங்கலாகக்கூட ஆகும்.

அலுவலகங்கள் அனுப்பும் அட்டைகள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். வங்கி, காப்பீடு, சிமெண்ட் ஆலை என்று எல்லோருக்கும் பிடித்தது சிற்பப் படம்தான். கருப்புப் பின்னணியில் பளபளக்கும் நடராசர், மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு, தஞ்சைப் பெரிய கோயில் துவாரபாலகர். அடியில் தங்க எழுத்தில் வாழ்த்து. யார் மனத்தையும் புண்படுத்தாத, மரியாதையான படம் என்பது காரணமாக இருந்திருக்கலாம். என் டின்னில் அப்படி நாற்பதுக்கு மேல் இருந்தன. அவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்து, எந்தக் கோயில், எந்த ஊர் என்று எழுதிப் பார்த்தேன். அப்போது எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை.

ஒரு வருட இடைவெளியில் பிறந்த இரண்டு

அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டையும் சிற்பப் புகைப்படம் ஒட்டிய புத்தகமும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே நாட்டில் வெளிவந்தவை. அச்சிட்டு விலைக்கு விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-ல் லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி, நண்பர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி வரைவித்தது. அட்டை ஒன்று ஒரு ஷில்லிங்.

அடுத்த வருடம், 1844-ல், வில்லியம் ஃபாக்ஸ் டால்பட் என்பவர் புகைப்படங்களை ஒட்டிய புத்தகம் ஒன்றைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். பெயர் 'பென்சில் ஆஃப் நேச்சர்'. அதில் பட்ரோக்ளஸ் என்ற கிரேக்க வீரனின் மார்பளவுச் சிலைப் படம் இரண்டு இடங்களில் வருகிறது. சிலைதான் புகைப்படக்காரருக்கு ஏற்ற ஆள் என்பது டால்பட்டின் அனுபவம். அசையாது, சலித்துக்கொள்ளாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வெயிலில் நிற்கும்.

அதே புத்தகத்தில் அலமாரியில் அடுக்கிய பீங்கான் பாத்திரங்களின் படமும் உண்டு. அதற்கு எழுதிய விளக்கத்தில் டால்பட் ஒரு யோசனை சொல்கிறார். இந்தப் பாத்திரங்களைத் திருடன் கொண்டுபோய்விட்டால், இந்தப் படத்தை நீதிமன்றத்தில் காட்டினால் என்ன ஆகும்? பேசாத சாட்சியாக, அதுவரை யாரும் பார்த்திராத புதுவகை ஆதாரமாக அது இருக்கும் என்பது அவர் கருத்து. அன்று அது வெறும் கற்பனை. அந்தக் கற்பனை எங்கே எப்படிப் பலித்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். நமக்கு மிகவும் பக்கத்தில்தான்.

முதல் அட்டையைப் போட்ட ஹென்றி கோல் பிற்காலத்தில் லண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் தலைவரானார். கலைப்பொருட்களைப் படமெடுப்பதற்கென்றே 1856-ல் அங்கே ஒரு புகைப்படக்காரர் நியமிக்கப்பட்டார். கோலின் மகன் ஹென்றி ஹார்டி கோல் இந்தியாவுக்கு வந்து, 1880-களின் தொடக்கத்தில் பழைய நினைவுச்சின்னங்களின் பாதுகாவலர் என்ற பதவியில் இருந்தார். அப்பா அட்டை போட்டார், மகன் நம் நாட்டுக் கோயில்களையும் கோட்டைகளையும் காக்கும் வேலைக்கு வந்தார்.

நம் பக்கம் வந்த காமிரா

சென்னை மாகாணத்துக்கு லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-ல் அவர் மாட்டு வண்டிகளில் காமிராவும் மருந்துகளும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை அடுத்தடுத்துப் படமெடுத்து, ஒட்டிச் சேர்த்தபோது சுமார் 19 அடி நீளம் வந்தது. வாசிக்க முடிந்தவர்கள் ஊருக்கு வராமலே வாசிக்கட்டும் என்பதற்காகத்தான் அந்தப் பாடு.

இப்படி நம் சிற்பங்கள் நகராமலே அவற்றின் படங்கள் ஊர் சுற்றின. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படங்களைப் பார்த்துவிட்டு, இந்தியாவுக்கே வராத பிரெஞ்சுச் சிற்பி ரோடான் ஒரு கட்டுரை எழுதினார். அவர் காலமான பிறகு 1921-ல் அது அச்சானது. 1949 ஆகஸ்ட் 15-ல் சுதந்திர இந்தியா வெளியிட்ட தபால்தலை வரிசையில் இரண்டணாத் தலையில் நடராசர் வந்தார். அந்த வரிசையின் ஓரணாத் தலையில் போதிசத்துவர் இடம் வலமாகத் திரும்பி அச்சாகிவிட, 1950-ல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் நேரும் பிழை இது.

என் டின்னிலும் அப்படி ஒரு நடராசர் இருக்கிறார். தூக்கிய திருவடி வலது. மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியவரோ என்று முதலில் நினைத்தேன். உடுக்கையும் இடது கைக்குப் போயிருந்ததைப் பார்த்த பிறகுதான் அச்சுக்கூடத்தில் கால் மாறியவர் என்று புரிந்தது.

அட்டையில் இருந்தவரும் இல்லாதவரும்

நாற்பது சிற்ப அட்டைகளில் நம் பகுதியைச் சேர்ந்தவை மூன்று. மூன்றும் கங்கைகொண்ட சோழபுரம்தான். இரண்டில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி: சிவபெருமான் அமர்ந்தபடி, கீழே கைகூப்பியிருக்கும் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். இராசேந்திர சோழனுக்கே இறைவன் முடிசூட்டுவதாக இதற்குப் பொருள் சொல்பவர்களும் உண்டு. மூன்றாவது அட்டையில் அதே வடக்கு வாசலின் மறுபுறம் இருக்கும் சரசுவதி.

இந்தக் கோயிலும் ஒன்றும் இழக்காமல் நிற்கவில்லை. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரை கட்டியபோது கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் அதன் பிறகு நல்ல காலம். தொல்லியல் துறை பாதுகாப்பு, 2004-ல் யுனெஸ்கோ பட்டியல், ஆயிரக்கணக்கான படங்கள், அட்டைகள், நாட்காட்டிகள். இனி அந்தச் சண்டேசரை யாராவது பெயர்த்தால் மறுநாள் உலகத்துக்கே தெரிந்துவிடும்.

அதே அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சோழர் காலத்துப் பிரகதீசுவரர் கோயில் ஒன்று. வழிபாடு நின்று, வௌவால் அடைந்து, பூட்டிக் கிடந்தது. உள்ளே நடராசர், உமை உள்ளிட்ட செப்புத் திருமேனிகள். இந்தச் சாமிகள் எந்த வாழ்த்து அட்டையிலும் வந்ததில்லை.

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கும் தேசிய கலைக்கூடம் 2008 பிப்ரவரியில் ஒரு சோழர் கால நடராசரை வாங்கியது. விலை 50 லட்சம் அமெரிக்க டாலர். விற்றவர் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர். 1972-ல் இந்தியாவில் தொல்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே இந்தச் சிலை நாட்டை விட்டுப் போய்விட்டது என்று காட்டும் தாள்கள் கூடவே கொடுக்கப்பட்டன. அந்த வருடத்துக்கு முன் போனதென்றால் சட்டச் சிக்கல் குறைவு. அதனால் போலித் தாள்களில் எல்லாம் தேதி அந்தப் பக்கமாகவே இருக்கும்.

சிலை போன விஷயம் ஸ்ரீபுரந்தானுக்குத் தெரிந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது, சாமிதான் இல்லை. கடல் தாண்டி விற்று, காசும் கைமாறிய பிறகுதான் ஊருக்குத் திருட்டே தெரிய வந்தது.

மாதிரிக் கையெழுத்து

இந்த இடத்தில் என் பழைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போது வங்கியில் ஒவ்வொரு கணக்குக்கும் 'ஸ்பெசிமன் கார்டு' ஒன்று இருக்கும். கணக்குத் தொடங்கும் நாளில் வாடிக்கையாளர் போட்ட கையெழுத்து அதில் இருக்கும். காசோலை வந்தால் அந்தக் கார்டை எடுத்து ஒப்பிடுவோம். எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், எவ்வளவு நன்றாகப் பேசினாலும், கார்டோடு ஒத்துப்போகாவிட்டால் பணம் இல்லை. கார்டே தொலைந்துவிட்டால்? அப்போது கள்ளக் கையெழுத்தும் நல்ல கையெழுத்தும் ஒன்றுதான்.

ஸ்ரீபுரந்தான் நடராசருக்கு அப்படி ஒரு ஸ்பெசிமன் கார்டு இருந்தது. 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ஊர் ஊராக ஆட்களை அனுப்பித் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து வைத்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். பெரிய கோயில் என்றில்லை, கூரை சரிந்த கோயில், வயல் நடுவில் நிற்கும் ஒற்றைச் சிலை எல்லாம் உண்டு. 1994-ல் அவர்கள் ஸ்ரீபுரந்தானிலும் படமெடுத்திருந்தார்கள்.

கலைக்கூடத்தின் நடராசரையும் அந்தப் பழைய படத்தையும் சிலை ஆர்வலர்களும் பத்திரிகையாளர்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண் அச்சை உடைத்து எடுப்பது நம் ஸ்தபதிகளின் முறை. அச்சு உடைந்துவிடுவதால் ஒரு சிலை போல் இன்னொன்று அப்படியே வராது. திருவாசிச் சுடர், சடையின் விரிப்பு, காலப்போக்கில் வந்த தேய்மானம் எல்லாம் அந்த ஒன்றுக்கே உரியவை. இரண்டு படமும் ஒத்துப்போயின. 1972-க்கு முன்பே வெளிநாடு போன சிலை 1994-ல் அரியலூர் மாவட்டத்தில் எப்படி நிற்கும்? ஒரு படம் அத்தனை தாள்களையும் செல்லாதவையாக்கிவிட்டது.

2014 செப்டம்பர் 5-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் அந்த நடராசரை டெல்லியில் நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். கூடவே வந்தது விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் கல் அர்த்தநாரீசுவரர். சிட்னியில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-ல் வாங்கியிருந்த சிலை அது. அதற்கும் புதுச்சேரிப் படம்தான் சாட்சி. ஸ்ரீபுரந்தான் உமையைச் சிங்கப்பூர் அருங்காட்சியகம் 2007-ல் 6.5 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. அதையும் திருப்பித் தர 2015-ல் ஒப்புக்கொண்டார்கள். கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதாகி, 2012-ல் இங்கே கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பர் 1-ல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

பீங்கான் பாத்திரத்தை வைத்து 1844-ல் டால்பட் எழுதிய கற்பனை, 170 வருடம் கழித்து நம் பக்கத்து ஊர்ச் சாமிக்காகப் பலித்தது.

எங்கள் ஊர்ச் சாமிக்குக் கார்டு உண்டா?

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாற்பது அட்டையிலும் பெரிய கோயில்களின் சிற்பங்கள்தான். நான் பிறந்த ஊர் நம் மாவட்டத்தின் ஒரு சிறிய கிராமம். அங்கே சிவன் கோயிலில் உற்சவ அம்மன் இருக்கிறாள். சின்ன வயதில் அவள் புறப்பாட்டுக்குத் தீவட்டி பிடித்திருக்கிறேன். அவளுக்கு ஒரு படம் இருக்கிறதா?

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது குருக்களிடம் கேட்டேன். "நிறைய இருக்கே சார்" என்று கைப்பேசியை நீட்டினார். இருந்தன. எல்லாவற்றிலும் அம்மன் பட்டுப்புடவையும் கழுத்து நிறைய மாலையும் சந்தனக் காப்புமாக இருந்தாள். முகத்தில் பாதிதான் தெரிந்தது. கண்ணுக்கு அழகு. ஆனால் நாளைக்கு அதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் ஒன்றும் சொல்ல முடியாது. பட்டுக்கும் மாலைக்கும் சொந்த ஊர் கிடையாது. அலங்காரம் இல்லாமல், முன்னும் பின்னும், பீடத்தோடு, தேதியோடு எடுத்த படம் ஊரில் ஒருவரிடமும் இல்லை. என் அண்ணன் மகன், "என்ன சித்தப்பா, நம்ம சாமியை யார் தூக்கிட்டுப் போகப் போறாங்க?" என்றான். ஸ்ரீபுரந்தான்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்றேன். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை.

நம் குடியிருப்பில் இருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் சுற்றி ஒரு சொந்த ஊரும், அங்கே ஒரு குலதெய்வமும் உண்டு. அதனால் மூன்று விஷயங்கள் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

முதலாவது, வீட்டில் பழைய வாழ்த்து அட்டை, கோயில் கும்பாபிஷேக மலர், திருவிழாப் படம், ஸ்டுடியோ ஆல்பம் இருந்தால் பழைய பேப்பரில் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டுங்கள். பின்னணியில் ஒரு சிலையோ தூணோ தெளிவாகத் தெரிந்தால் எடுத்து வையுங்கள். அஞ்சலில் வந்த அட்டையாக இருந்தால் உறையோடு வையுங்கள். அஞ்சல் முத்திரையில் இருக்கும் தேதியும் ஒரு சாட்சிதான்.

இரண்டாவது, ஊர்க் கோயில் திருமேனிகளுக்கு முறையான படம் இருக்கிறதா என்று தக்காரிடமோ செயல் அலுவலரிடமோ கேளுங்கள். 1972 சட்டப்படி தொல்பொருளைப் பதிவு செய்யும்போதே புகைப்படம் இணைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சட்டம் போட்டவர்களுக்கும் படத்தின் அருமை தெரிந்திருக்கிறது. நாமாகக் கருவறைக்குள் காமிராவோடு போக வேண்டாம். அனுமதியோடு, அபிஷேகத்துக்கு முன் அலங்காரம் களைந்திருக்கும் நேரத்தில், குருக்கள் துணையோடு எடுப்பதே முறை.

மூன்றாவது, அப்படி எடுத்த படத்தைக் காலை வணக்கத்தோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் சுற்ற விட வேண்டாம். ஸ்பெசிமன் கார்டை வங்கி வாசலில் ஒட்டுவதில்லை. இரண்டு பிரதி அச்சிட்டு, பின்னால் தேதியும் ஊரும் உயரமும் எழுதி, ஒன்று கோயில் அலுவலகத்திலும் ஒன்று ஊர்ப் பெரியவர் வீட்டிலும் இருந்தால் போதும்.

இன்று வாழ்த்து அனுப்பக் காசு செலவில்லை. பொங்கலன்று மட்டும் எனக்கு நூற்றுக்கு மேல் படங்கள் கைப்பேசியில் வந்தன. அவற்றில் நாலு நடராசர்கள். எந்த ஊர் என்று ஒன்றிலும் போடவில்லை. மறுநாள் இடம் போதவில்லை என்று கைப்பேசி கேட்க, எல்லாவற்றையும் அழித்தேன். முப்பது வருடத்துக்கு முந்தைய சண்டேசர் அட்டை டின்னில் பத்திரமாக இருக்கிறது. பின்பக்கத்தில் கோயில் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கின்றன.

டின்னைப் பேப்பர்காரரிடம் போடவில்லை. வீட்டுக்காரியும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. பார்க்க விரும்புகிறவர்கள் எந்த மாலையும் வீட்டுக்கு வரலாம், காபியும் உண்டு. எங்கள் ஊர் அம்மனுக்காகத் தக்காருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பதில் வந்ததும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்.